தாய்க்கும் பிள்ளைக்கும் நேரடி உதவி: மதுரையில் எங்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரை நகரிலும், திருமங்கலம், உசிலம்பட்டி, மேலூர், பேரையூர் வட்டங்களைச் சேர்ந்த சில ஊர்களிலும், வறுமையில் தனித்து நின்று பிள்ளை வளர்க்கும் தாய்மாருக்கு மாதந்தோறும் ஒரு சிறு தொகையும் வேண்டிய துணையும் அளித்து வரும் சிறிய குழு எங்களுடையது. நன்கொடை தர முன்வருவோரும், உதவி தேடி வருவோரும், சில சமயம் எங்கள் வீட்டாரும்கூடத் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே பதில்களோடு எழுதி வைத்திருக்கிறோம்.

நேரடி உதவி என்று நீங்கள் எதைச் சொல்கிறீர்கள்?

தாயின் கையில், அல்லது அவர் பெயரில் மட்டுமே உள்ள கணக்கில், அவர் விருப்பப்படி செலவிடத்தக்க பணத்தைச் சேர்ப்பதைச் சொல்கிறோம். அவருக்குச் சேர வேண்டிய அரசு உதவியைப் பெறுவதற்காக எங்களில் ஒருவர் அவரோடு அலுவலகங்களுக்கு நடப்பதும் இதில் அடங்கும். உள்ளதைச் சொன்னால், எங்கள் நேரத்தில் பெரும்பகுதியை இந்த இரண்டாவது வேலையே எடுத்துக்கொள்கிறது.

தமிழ்நாட்டில் அரசே இத்தனை திட்டங்களை நடத்தும்போது தனியார் உதவி எதற்கு?

இது நியாயமான கேள்வி. ஏழைத் தாய்மாருக்கு ஒன்றுமே இல்லை என்ற பாவனையில் நன்கொடை கேட்பது நேர்மையாகாது. கருவுற்ற தாய்க்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் 14,000 ரூபாய் பணமும் 4,000 ரூபாய் மதிப்புள்ள ஊட்டச்சத்துப் பெட்டகங்களும் கிடைக்கின்றன. அங்கன்வாடியில் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் குழந்தைகளுக்கும் சத்துமாவு தரப்படுகிறது. ரேஷன் கடையில் அரிசி இலவசமாகவும், துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும், பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் கிடைக்கின்றன. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவும் முட்டையும் பல்லாண்டுகளாக உண்டு. தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கான காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று நம் மதுரையில்தான் தொடங்கி வைக்கப்பட்டது என்பதை இங்கே சற்றுப் பெருமையோடு குறிப்பிடுகிறோம்.

இவ்வளவும் இருந்தும் ஒரு தாய் அடுப்பு மூட்டாமல் படுக்கிறார் என்றால், பெரும்பாலும் திட்டத்துக்கும் அவருக்கும் நடுவில் ஓர் இடைவெளி விழுந்திருக்கிறது என்று பொருள். கலைஞர் மகளிர் உரிமைத் தொகையை எடுத்துக்கொள்ளுங்கள். மாதம் 1,000 ரூபாய் வழங்கும் இத்திட்டத்தில் ஒரு குடும்ப அட்டைக்கு ஒரு பெண்ணுக்கே தொகை உண்டு. கணவர் விட்டுப் போனதால் இரண்டு பிள்ளைகளோடு தாய்வீட்டுக்குத் திரும்பிய பெண்ணின் பெயர் கணவர் வீட்டு அட்டையிலேயே கிடக்கும். அந்த அட்டையின் அரிசி மாமியார் வீட்டுக்குப் போகும். இவர் தாய்வீட்டு அட்டையில் பெயர் சேர்த்தாலும், அங்கே உரிமைத் தொகையை அவருடைய தாயார் ஏற்கெனவே பெற்றுக்கொண்டிருப்பார். தனி அட்டைக்கு மனுச் செய்தால் தனிச் சமையல் நடக்கிறதா என்று விசாரணைக்கு வருவார்கள், தாய்வீட்டுத் திண்ணையில் ஒதுங்கியிருப்பவர் எந்த அடுப்பைக் காட்டுவார்?

விதவைகளுக்கான உதவித்தொகை மாதம் 1,200 ரூபாய். அதற்கு இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, கிராம நிர்வாக அலுவலரின் அறிக்கை, வருவாய் ஆய்வாளரின் பரிந்துரை, அதன்பின் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியரின் ஆணை என்று படிகள் உள்ளன. கூலிக்குப் போகும் பெண் ஒவ்வொரு படிக்கும் ஒரு நாள் கூலியை இழக்கிறார். இருந்தாலும் கணவரை இழந்தவருக்கு இறப்புச் சான்று என்ற ஒரு காகிதமாவது உண்டு. கணவர் திருப்பூருக்கு வேலைக்குப் போய்த் திரும்பாமல் இருந்துவிட்டால், அவர் போனதற்கு எந்த அலுவலகத்திலும் சான்று கிடையாது. கைவிடப்பட்ட பெண்களுக்கென்று உதவித்தொகை இருந்தாலும், வயது வரம்பும் பிரிந்திருந்த கால வரம்பும் அதில் உண்டு. இருபத்து நான்கு வயதில் கைக்குழந்தையோடு நிற்பவர் அந்த வரம்புக்குள் வருவதே இல்லை.

எங்கள் பணம் அத்தனையும் இந்த இடைவெளிக்குத்தான். அட்டை வரும்வரை அரிசிக்கும், ஆணை வரும்வரை வாடகைக்கும், மனுவோடு அலையும் நாட்களில் போன கூலிக்கும் அது ஈடாகிறது.

எந்த மாதங்களில் தேவை மிகுதியாக இருக்கிறது?

மே மாதத்தில். சித்திரைத் திருவிழா முடிந்து ஊர் அடங்கும் வேளையில் பள்ளிகள் மூடியிருக்கும். பள்ளியில் காலையும் மதியமும் சாப்பிட்ட பிள்ளை அந்த இரண்டு வேளையையும் வீட்டில் கேட்கும். இரண்டு பிள்ளைகள் என்றால் நாளொன்றுக்கு நான்கு சாப்பாடு கூடுகிறது, ஆனால் தாயின் வருமானம் கூடுவதில்லை. பிள்ளைகளைத் தனியே விட முடியாமல் அவர் வேலைக்குப் போகும் நாட்களும் குறைகின்றன. நன்கொடையாளர்கள் பலரும் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் நினைவாகத் தருகிறார்கள், அது மிக நல்ல வழக்கம். மே மாதத்துக்கும் யாராவது ஒரு பண்டிகையைக் கண்டுபிடித்தால் எங்களுக்கு வசதியாக இருக்கும்.

தொழிலைப் பொறுத்தும் இது மாறும். செங்கல் சூளையில் வேலை செய்யும் குடும்பங்களுக்கு ஐப்பசி, கார்த்திகை மழையில் வேலை நின்றுவிடும். அப்போது வாங்கும் முன்பணம் அடுத்த தை, மாசி உழைப்பை முன்கூட்டியே விழுங்கிவிடும். பூக்கட்டும் பெண்களுக்குப் பனிக்காலம் கடினமானது. மார்கழியில் மல்லிகை வரத்து குறைந்து மாட்டுத்தாவணிச் சந்தையில் விலை ஏறுவதைச் செய்தியில் படிக்கிறோம். விலை ஏறினால் கட்டுபவர்களுக்கு ஆதாயம் என்று பலர் எண்ணுகிறார்கள். அவர்களுக்குக் கூலி, கட்டிய பூவின் அளவுக்குத்தான். பூ குறைந்தால் கூலியும் குறையும்.

உதவி பெறுவோரை எப்படித் தேர்ந்தெடுக்கிறீர்கள்?

விண்ணப்பப் படிவம் எதுவும் இல்லை. கிராம சுகாதார செவிலியர், அங்கன்வாடிப் பணியாளர், பள்ளி ஆசிரியர், சத்துணவு அமைப்பாளர் ஆகியோரில் ஒருவர் சொல்லியே பெரும்பாலானவர்களை அறிகிறோம். ஒரு பிள்ளை திங்கட்கிழமை காலையில் மட்டும் இரண்டு மடங்கு சாப்பிடுகிறது என்பதை முதலில் கவனிப்பவர் சத்துணவுக் கூடத்தில் பரிமாறுபவரே. அதன்பின் எங்களில் இருவர் வீட்டுக்குச் செல்கிறோம், அவர்களில் ஒருவராவது பெண்ணாக இருப்பார். சாதி, மதம், கட்சி எதையும் கேட்பதில்லை. சாதிச் சான்று தேவைப்படும் திட்டத்துக்கு மனு எழுதும்போது மட்டும் அந்தக் கேள்வி எழும்.

கணக்கு வைத்து மதிப்பெண் போடும் முறையை ஒரு காலத்தில் முயன்று பார்த்தோம். கூரை வீட்டுக்கு இத்தனை, கடனுக்கு இத்தனை என்று அட்டவணை இட்டதில், ஓட்டு வீட்டில் மாமனாரின் தயவில் ஒரு மூலையில் இருந்தவர் பட்டியலின் அடியில் போய்விட்டார். அவர் நிலையே எல்லாரிலும் மோசமாக இருந்தது. அட்டவணையைக் கைவிட்டோம்.

பணமாகத் தருவது ஏன்? மளிகைப் பொருளாகத் தரக்கூடாதா?

முதன்முதலில் நாங்களும் மளிகைப் பைதான் தந்தோம். ஐந்து கிலோ அரிசி, பருப்பு, எண்ணெய், ரவை, சேமியா எல்லாம் இருக்கும். பல வீடுகளில் ரேஷன் அரிசி ஏற்கெனவே இருந்தது. இல்லாதது சமையல் எரிவாயு. வேறொரு வீட்டில் வாடகை பாக்கிக்காக மின் இணைப்பைத் துண்டித்துவிடுவதாக வீட்டுக்காரர் சொல்லியிருந்தார். மூன்றாவது வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல், ஆட்டோவுக்குப் பணமில்லை. மூன்று வீட்டிலும் நாங்கள் கொண்டுபோய் வைத்தது ஒரே பை. பக்கத்து மளிகைக் கடையில் ஒருவர் அதே பையைப் பாதி விலைக்கு விற்றுவிட்டதாகக் கேள்விப்பட்டபோது எங்களில் சிலருக்குக் கோபம் வந்தது உண்மை. யோசித்துப் பார்த்தால், பொருளை விற்றுப் பணமாக்கிய அந்தத் தாய், நாங்கள் செய்ய வேண்டியிருந்த வேலையை நட்டத்துக்குச் செய்திருக்கிறார்.

ஆகவே இப்போது பணமே தருகிறோம். விதிவிலக்குகள் சில உண்டு. பிரசவமாகி நாற்பது நாட்களுக்குள் இருக்கும் தாய் கடைக்குப் போக இயலாதவராக இருந்தால், பூண்டு, முட்டை, நிலக்கடலை, பேரீச்சை, முருங்கைக்கீரை, கிடைத்தால் பால்சுறா ஆகியவற்றை வாங்கிக் கொடுத்துவிட்டு வருகிறோம். பொருளாகத் தருகையில் என்ன வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்வது கட்டாயம்.

கையில் பணம் கொடுத்தால் கணவர் பிடுங்கிக் குடித்துவிட மாட்டாரா?

சில வீடுகளில் அப்படி நடக்கிறது, மறைக்க ஒன்றுமில்லை. அத்தகைய வீட்டில் எந்த நாளில், யாரிடம், எவ்வளவாகப் பிரித்துத் தர வேண்டும் என்பதை அந்தப் பெண்ணையே சொல்லச் சொல்கிறோம். ஒருவர் மளிகைக் கடைப் பாக்கியை நேரடியாகக் கட்டிவிடச் சொன்னார். இன்னொருவர் பள்ளிக்கூட வாசலில் தரச் சொன்னார். வேறொருவர் தம் அண்ணியின் கைப்பேசிக்கு அனுப்பச் சொன்னார். தம் வீட்டில் பணம் எந்த வழியாகக் கசியும் என்பது எங்களைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

பெண்ணே வீணாகச் செலவழித்துவிட்டால் என்ன செய்வீர்கள் என்றும் கேட்கிறார்கள். திருவிழாவுக்குப் பிள்ளைக்கு ஒரு கவுன் வாங்கியதும், முழம் பூ வாங்கித் தலையில் வைத்ததும் வீண்செலவு என்று எங்களிடம் புகாராக வந்திருக்கின்றன. மதுரையில் பிறந்து வளர்ந்தவர்கள் இதைப் புகாராகச் சொல்வது எங்களுக்கு இன்னும் விளங்கவில்லை.

பணம் அனுப்புவதில் தவறு நேர்ந்ததுண்டா?

உண்டு, தவறு எங்களுடையதே. ஒரு தாய்க்கு மூன்று மாதத் தொகையை மொத்தமாக அவர் வங்கிக் கணக்கில் போட்டோம். அந்தக் கணக்கிலிருந்தே அவருடைய பழைய கடனொன்றின் தவணையைத் தானாகப் பிடித்துக்கொள்ள அவர் என்றோ கையெழுத்திட்டிருந்தார். நாங்கள் போட்ட மறுநாளே தொகை முழுவதும் நிலுவைக்குப் போய்விட்டது. பிள்ளையின் மருந்துக்கு எடுக்கப் போனவர் வெறுங்கையோடு திரும்பினார். பணத்தைப் போடுமுன் கணக்குப் புத்தகத்தின் கடைசி இரண்டு பக்கங்களைப் பார்த்திருந்தால் இது தெரிந்திருக்கும். இப்போது முதலில் அதைத்தான் பார்க்கிறோம். தவணைப் பிடித்தமோ குறைந்தபட்ச இருப்புக்கான அபராதமோ இருந்தால், இருப்புத் தேவையில்லாத ஜன்தன் கணக்கு ஒன்றைத் தொடங்க உதவுகிறோம். அதுவரை கையில் தருகிறோம்.

மாதந்தோறும் சிறு தொகை தருவதைவிட, கடனை ஒரேயடியாக அடைத்துவிடலாமே?

எங்களிடம் அவ்வளவு பணம் இல்லை என்பது முதல் பதில். இருந்தாலும் தயங்குவோம். ஒரு தெருவில் ஒருவரின் கடனை வெளியார் அடைத்தார்கள் என்ற செய்தி பரவினால், வட்டிக்கு விடுபவர் அடுத்த வீட்டில் கொஞ்சம் கூடுதல் தைரியத்தோடு கதவைத் தட்டுவார்.

மகளிர் குழுக்கடனில் சிக்கல் வேறு. பத்துப் பெண்கள் ஒருவருக்கொருவர் பொறுப்பேற்று வாங்கிய கடனில் ஒருவர் தவணை தவறினால், மற்ற ஒன்பது பேரும் அவர் வாசலில் வந்து உட்கார வேண்டியதாகிறது. அவர்கள் எல்லாரும் அவருடைய அண்டை வீட்டார், உறவினர். அவமானத்துக்கு அஞ்சி, பிள்ளையின் காதிலிருக்கும் தோட்டைக்கூட அடகு வைத்துத் தவணை கட்டியவர்களைப் பார்த்திருக்கிறோம். இங்கே நாங்கள் செய்வது இரண்டு காரியங்கள். ஒன்று, அந்த ஒரு வாரத் தவணை தவறாமல் காப்பது. மற்றொன்று, விதிகளை எடுத்துச் சொல்வது. நுண்கடன் வசூலுக்காகக் காலை 9 மணிக்கு முன்போ மாலை 6 மணிக்குப் பின்போ கடன் வாங்கியவரை அழைக்கக் கூடாது என்றும், எல்லாக் கடன்களின் மாதத் தவணையும் சேர்ந்து குடும்ப வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்றும் ரிசர்வ் வங்கியின் 2022 நெறிமுறைகள் கூறுகின்றன. கந்துவட்டிக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2003 முதல் தனிச் சட்டமே இருக்கிறது. வசூலுக்கு வருபவரிடம் இவற்றை ஒரு பெண் தனியாகச் சொல்வதற்கும், பக்கத்தில் ஒருவர் நிற்கச் சொல்வதற்கும் வேறுபாடு உண்டு.

கைக்குழந்தைகளுக்குப் பால்பவுடர் டின்களும் பால் புட்டிகளும் வாங்கித் தர விரும்புகிறோம். ஏற்றுக்கொள்வீர்களா?

மாட்டோம். இதை விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் நல்ல மனத்தோடு வரும் நன்கொடைகளில் அடிக்கடி வருவது இதுதான். குழந்தைகளுக்கான பால் மாற்றுப் பொருட்கள், பால் புட்டிகள், குழந்தை உணவுகள் ஆகியவற்றைப் பற்றிய 1992-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம், ஆதரவற்றோர் இல்லங்களுக்குத் தவிர வேறெவருக்கும் இவற்றை நன்கொடையாக அளிப்பதையும் விநியோகிப்பதையும் தடை செய்கிறது. விற்கும் நிறுவனத்தோடு இத்தடை நிற்பதில்லை, தருமம் செய்பவரையும் அது கட்டுப்படுத்தும்.

சட்டம் இப்படி இருப்பதற்குக் காரணம் உண்டு. இலவசமாக வந்த ஒரு டின் பத்துப் பதினைந்து நாட்களில் தீர்ந்துவிடும். அதற்குள் குழந்தை மார்பில் குடிப்பது குறைந்து தாய்க்குப் பால் சுரப்பும் குறைந்திருக்கும். அடுத்த டின்னை வாங்க வசதியில்லாதபோது இருக்கும் மாவில் தண்ணீரைக் கூட்டிக் கரைப்பார்கள். வாரம் ஒருமுறை லாரித் தண்ணீர் வரும் தெருவில் அந்தத் தண்ணீர் எப்படிப்பட்டது என்று சொல்ல வேண்டியதில்லை. குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வரும், எடை குறையும். முதல் ஆறு மாதங்களுக்குத் தாய்ப்பால் மட்டும் போதும், தண்ணீரும் வேண்டாம் என்று மருத்துவர்கள் கூறுவதை ஏழைத் தாய் கடைப்பிடிக்க வேண்டுமானால், அந்தத் தாய் வயிறாரச் சாப்பிட வேண்டும், பிள்ளையோடு வீட்டில் இருக்கவும் வேண்டும். பால்பவுடருக்கு ஒதுக்கிய தொகையைத் தாயின் சாப்பாட்டுக்கும், அவர் ஒரு மாதம் கூடுதலாக வேலைக்குப் போகாமல் இருப்பதற்கும் தாருங்கள். பால் சுரக்கவில்லை என்று சொல்லும் தாயை உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் செல்கிறோம். பெரும்பாலும் குழந்தையைப் பிடித்துக் கொடுக்கும் முறையைச் செவிலியர் சரிசெய்தாலே குறை நீங்கிவிடுகிறது. தாய் இறந்துவிட்டாலோ, நோயால் பாலூட்ட இயலாமற்போனாலோ என்ன தருவது என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

பழைய துணிகள்?

துவைத்தவை, கிழியாதவை என்றால் ஏற்போம். புடவையோடு பொருந்தும் ரவிக்கையும் இருந்தால் மகிழ்ச்சி. உள்ளாடைகள் புதியனவாகவே இருக்க வேண்டும். பள்ளிச் சீருடை, புத்தகப்பை, நோட்டு ஆகியவை அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு விலையில்லாமல் கிடைப்பதால் அவற்றைத் தவிர்க்கலாம்.

எங்கள் பிள்ளையின் பிறந்தநாளன்று ஏழைக் குழந்தைகளுக்கு ஒரு வேளை பிரியாணி போட விரும்புகிறோம். ஏற்பாடு செய்வீர்களா?

அன்னதானம் இந்த ஊரின் இரத்தத்தில் ஊறியது. அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் யாரும் பசித்திருக்க முடியாது. அதைக் குறைத்துப் பேச நாங்கள் யார்? ஆனால் பிள்ளைகளை வரிசையில் உட்கார வைத்து, முன்பின் அறியாத ஒருவருக்குப் பிறந்தநாள் பாட்டுப் பாடச் சொல்லும் நிகழ்ச்சிக்கு எங்கள் குடும்பங்களை அழைத்து வருவதில்லை. ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பெண்ணொருத்தி அப்படிப்பட்ட விருந்தில் தன் வகுப்புத் தோழியையே விருந்தளிக்கும் வீட்டுப் பெண்ணாகக் கண்டு, அதன்பின் ஒரு வாரம் பள்ளிக்குப் போகவில்லை. அந்தத் தொகையை மே மாதத்துக்கு ஒதுக்கச் சம்மதித்தால், உங்கள் பிள்ளையின் பெயரைச் சொல்லாமலேயே இரண்டு வீடுகளில் பல வேளை அடுப்பெரியும்.

இப்படித் துன்பப்படுவதைவிட, குழந்தைகளை ஒரு இல்லத்தில் சேர்த்துவிட்டால் படிப்பாவது நன்றாக அமையுமே?

தாய் இருக்கும்போது பிள்ளையை வறுமைக்காகப் பிரிப்பதை நாங்கள் ஏற்பதில்லை. சட்டமும் ஏற்பதில்லை. குழந்தையை நிறுவனத்தில் வைப்பது கடைசி வழியாகவே இருக்க வேண்டும் என்பது 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் வகுத்துள்ள அடிப்படை நெறிகளில் ஒன்று. ஒரு பிள்ளையை இல்லத்தில் பராமரிக்க ஆகும் செலவில் ஒரு பகுதியைத் தாயிடம் கொடுத்தாலே அந்தப் பிள்ளை வீட்டில் வளர்ந்துவிடும் என்பதை அரசும் ஒப்புக்கொண்டிருக்கிறது. மிஷன் வாத்சல்யா திட்டத்தின் கீழ், தந்தையை இழந்த அல்லது தந்தையால் கைவிடப்பட்ட பிள்ளைகளுக்கு மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு தருவதற்கு வழி இருக்கிறது. குடும்ப ஆண்டு வருமானம் கிராமங்களில் 72,000 ரூபாய்க்கும் நகரங்களில் 96,000 ரூபாய்க்கும் மிகாமல் இருக்க வேண்டும். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் மனுக் கொடுக்கலாம். நிதி ஒதுக்கீட்டைப் பொறுத்தே கிடைக்கும் என்பதால் மனுக் கொடுத்த எல்லாருக்கும் கிடைத்துவிடுவதில்லை. கிடைத்த வீடுகளில் நிலைமை வெகுவாக மாறியதை நேரில் பார்த்தவர்கள் நாங்கள்.

வீட்டிலேயே பிள்ளைக்கு ஆபத்து இருந்தால் கதை வேறு. அப்போது 1098 என்ற எண்ணுக்கு அழைத்துத் தெரிவிப்பது எங்கள் கடமை, உங்கள் கடமையும்கூட.

நாங்கள் உதவும் குழந்தையின் புகைப்படம் அனுப்புவீர்களா? நேரில் சென்று பார்க்கலாமா?

புகைப்படம் எடுப்பதில்லை. தாய் கை நீட்டி உறையை வாங்கும் படம் ஒருமுறை எங்கள் பழைய கைப்பேசிக் குழுவொன்றில் சுற்றி, அவருடைய மாமியார் வீட்டார் வரை போய்ச் சேர்ந்தது. அதனால் அவர் பட்ட பேச்சுக்கு நாங்கள்தான் காரணம். அதற்குப் பின் எந்தப் படமும் இல்லை. குழந்தைகள் நலக் குழுவின் விசாரணையில் உள்ள பிள்ளையின் அடையாளத்தை வெளியிடுவது இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவின்படி குற்றமும் ஆகும்.

ஒரு குறிப்பிட்ட குழந்தையை ஒரு நன்கொடையாளரின் பொறுப்பில் ஒப்படைக்கும் முறையும் எங்களிடம் இல்லை. வரும் பணம் எல்லாம் ஒரே பெட்டியில் சேர்கிறது. காலாண்டுக்கு ஒருமுறை வரவு செலவுக் கணக்கைப் பெயர்கள் இல்லாமல் அனுப்புகிறோம். நேரில் பார்க்க விரும்புவோர் ஒரு திங்கட்கிழமை எங்களோடு மாவட்ட ஆட்சியர் அலுவலக மக்கள் குறைதீர் கூட்டத்துக்கு வரலாம். மனு எழுதத் தெரிந்தவர்கள், இ-சேவை மையத்தில் வரிசையில் நிற்கப் பொறுமை உள்ளவர்கள் எங்களுக்கு எப்போதும் தேவை.

நன்கொடைக்கு வருமான வரிச் சலுகை உண்டா? வெளிநாட்டிலிருந்து அனுப்பலாமா?

பழைய வரிமுறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு இந்தச் சலுகை உண்டு. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தந்தால் அச்சலுகை கிடைக்காது என்பதால் வங்கி வழியாக அனுப்புங்கள். இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர் வெளிநாட்டில் வேலை செய்து சேமித்த பணத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது அயல்நாட்டு நன்கொடை ஆகாது. வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றவர்கள், வெளிநாடுவாழ் இந்தியக் குடிமக்களுக்கான ஓசிஐ அட்டை வைத்திருந்தாலும், அயல்நாட்டு நன்கொடைச் சட்டத்தின் கீழ் வருகிறார்கள். அதற்கான பதிவு எங்களிடம் இல்லாததால் அவர்களிடமிருந்து வாங்க இயலாது. சிங்கப்பூரிலும் கனடாவிலும் உள்ள மதுரைக்காரர்கள் இதைக் கேட்டு வருந்துவதுண்டு. ஊரில் உள்ள உங்கள் பள்ளித் தோழர் ஒருவரை எங்களோடு மனு எழுத அனுப்பி வையுங்கள்.

நானே உதவி தேவைப்படும் தாய். என்ன செய்ய வேண்டும்?

முதலில், இதைக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை அம்மா. நீங்கள் கருவுற்றிருந்தால், முதல் வேலையாக உங்கள் பகுதிச் செவிலியரிடம் பதிந்து, பிக்மி எண் எனப்படும் கர்ப்பப் பதிவு எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். மகப்பேறு நிதியுதவிக்கும், பின்னர் பிள்ளையின் பிறப்புச் சான்றுக்கும் அந்த எண் வேண்டும். ஆதார் அட்டையிலும் வங்கிப் புத்தகத்திலும் உங்கள் பெயரும் தலைப்பெழுத்தும் ஒரே மாதிரி இருக்கின்றனவா என்று இன்றே பாருங்கள். தந்தை பெயரின் எழுத்து ஒன்றிலும் கணவர் பெயரின் எழுத்து மற்றொன்றிலும் இருந்ததால் மட்டும் பணம் மாதக்கணக்கில் தாமதப்பட்ட தாய்மார் பலரை அறிவோம். அரசு மருத்துவமனையில் பிரசவமானால், வீடு திரும்ப 102 என்ற எண்ணில் தாய் சேய் ஊர்தி கட்டணமின்றிக் கிடைக்கும். ஆட்டோவுக்குக் கடன் வாங்காதீர்கள். பிறப்பை 21 நாட்களுக்குள் பதிந்துவிட்டால் கட்டணம் இல்லை. வீட்டில் அடி உதை இருந்தால் 181 என்ற எண் எந்நேரமும் எடுக்கப்படும்.

எங்களை அடைய உங்கள் ஊர் அங்கன்வாடி ஆசிரியையிடமோ செவிலியரிடமோ ஒரு வார்த்தை சொன்னால் போதும். ரேஷன் அட்டை இல்லை, கணவர் பெயர் சொல்ல விருப்பமில்லை, திருமணமே ஆகவில்லை என்பவை எவையும் எங்களுக்குத் தடையில்லை. யாருக்கும் பணம் கொடுத்து எங்களிடம் வர வேண்டாம். அப்படி யாராவது கேட்டால் அவர் எங்களைச் சேர்ந்தவர் அல்லர்.

உதவியை எப்போது நிறுத்துகிறீர்கள்?

முதலில் ஆறு மாதம் என்று பேசிக்கொள்கிறோம். அதற்குள் அட்டையோ உதவித்தொகை ஆணையோ வந்துவிட்டால், வந்த மாதத்திலிருந்து இரண்டு மாதங்கள் கூடுதலாகத் தந்துவிட்டு நிறுத்துகிறோம், ஏனெனில் முதல் தொகை வருவதாகச் சொன்ன தேதியில் வந்ததாக எங்களுக்கு நினைவில்லை. வராவிட்டால் இன்னொரு ஆறு மாதம் நீட்டிக்கிறோம். மூன்று ஆண்டுகளாகத் தொடரும் குடும்பங்களும் இருக்கின்றன; அங்கே பிள்ளைக்கோ தாய்க்கோ தீராத நோய் இருக்கும்.

நிறுத்துவது பற்றி மூன்று மாதம் முன்னதாகவே சொல்லிவிடுகிறோம். கடைசித் தவணையன்று, அவருக்காக நாங்கள் சேர்த்து வைத்த சான்றுகளின் நகல்கள், மனுக்களின் ஒப்புகைச் சீட்டுகள், ஆணைகள் அடங்கிய கோப்பை அவரிடமே ஒப்படைக்கிறோம். மகள் கல்லூரியில் சேரும்போது மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டத்துக்கு மனு எழுத அதே தாள்களில் சில மீண்டும் தேவைப்படும். ஆகவே மழையில் நனையாத உறையில் போட்டுத் தருகிறோம்.